எந்த முகத்துவாரம்? கட்டளை அறைக்கும் கணினிப் போர்க்களத்துக்கும் நடுவே ஒரு துபாஷி

கடலூர் துறைமுகப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ‘சாகர் கவாச்’ புதிதில்லை. அன்று காலையில் மீன் இறங்குதளத்துக்குப் போனால் வழக்கத்தைவிட அதிகமாகக் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசார் நிற்பார்கள். படகு படகாக ஏறி அடையாள அட்டை கேட்பார்கள். கடற்படை, கடலோரக் காவல்படை, போலீஸ் எல்லாரும் சேர்ந்து நடத்தும் ஒத்திகை அது. ஒரு தரப்பு தீவிரவாதிகள் மாதிரி மீன்பிடிப் படகில் வந்து கரையேறப் பார்க்கும். இன்னொரு தரப்பு மடக்க வேண்டும். மறுநாள் பேப்பரில், டம்மி வெடிகுண்டோடு வந்தவர்கள் பிடிபட்டார்கள் என்று செய்தி வரும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நம் கடற்கரைகளுக்கு வந்த பழக்கம் இது.

இந்த ஒத்திகையில் படகு நிஜம், ஆட்கள் நிஜம், அலையும் நிஜம். வெடிகுண்டு மட்டும்தான் பொய். ஆனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்ட ஒரு டிவிஷனின் தலைமையக அதிகாரிகளுக்கு இப்படிப் பயிற்சி கொடுக்க முடியுமா? ஒவ்வொரு முறையும் அத்தனை பேரையும் வண்டிகளையும் வயல்வெளியில் இறக்கினால் டீசலுக்கே பட்ஜெட் போய்விடும். அதனால் வீரர்களும் டாங்கிகளும் துப்பாக்கிகளும் கணினிக்குள் போய்விடுகின்றன. தலைமையகத்தில் உட்கார்ந்து உத்தரவு போடுகிற அதிகாரிகள் மட்டும் நிஜம்.

ஆக, இரண்டு கணினி அமைப்புகள். ஒன்று, அதிகாரிகள் நிஜப் போரிலும் பயன்படுத்துகிற கட்டளை அமைப்பு: வரைபடம், செய்திப் பெட்டி, உத்தரவுப் படிவம். இன்னொன்று, போர்க்களத்தையே கணக்காக ஓட்டுகிற சிமுலேஷன். இந்த இரண்டையும் இணைப்பது கேபிள் போடுகிற வேலை மாதிரித்தான் முதலில் தோன்றும். நான் பாண்டிச்சேரியில் கல்லூரி மாணவர்களுக்கு ஏஜென்ட் மென்பொருள், அதாவது ஒவ்வொரு அடியையும் யாரும் சொல்லாமலே இயங்கும் நிரல், பற்றிப் பாடம் எடுக்கிறவன். ராணுவத்தில் இருந்ததில்லை. ஆனால் என் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகத் திறமைசாலிகள் பலர் இதில் உழைத்திருக்கிறார்கள். இன்னும் வேலை முடியவில்லை. ஏன் என்றும், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏஜென்ட் எதற்கு என்றும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாற்காலியைத் திருப்புகிறவர்கள்

முதலில், ஏஜென்ட் இல்லாமல் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தலைமையகத்திலிருந்து ஒரு உத்தரவு எழுத்தாக வரும். பக்கத்து அறையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் இரண்டு திரைகள். இடது திரையில் உத்தரவைப் படிப்பார், நாற்காலியைத் திருப்புவார், வலது திரையில் சிமுலேஷனுக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு வண்டிக்கும் பாதை, வேகம், அணிவகுப்பு என்று தட்டுவார். சிமுலேஷனில் சண்டை நடந்தால் திரும்ப இந்தப் பக்கம் திரும்பி, களத்திலிருக்கும் கம்பெனி என்ற படைப்பிரிவின் கமாண்டர் பேசுவது போலவே ஒரு செய்தி அனுப்புவார். ‘சுழல்நாற்காலி இணைப்பு’ என்றே துறையில் இதற்குப் பெயர். பெரிய பயிற்சிகளில் இப்படி நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார வேண்டியிருக்கும்.

இது கணினி வந்த பிறகு பிறந்த வேலை இல்லை. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் படை அதிகாரி, வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தி ஆடுகிற ஒரு போர் விளையாட்டுக்கு விதிகள் வெளியிட்டார். அதில் இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர் உண்டு. ஆடுகிறவர் கட்டையைத் தொட மாட்டார். உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுப்பார். அந்தச் சீட்டு குதிரை வீரன் கையில் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டு, அதன்பிறகே நடுவர் கட்டையை நகர்த்துவார். எதிரியின் கட்டைகளில் எவை கண்ணுக்குத் தெரியுமோ அவற்றை மட்டும் வரைபடத்தில் வைப்பார். இருநூறு வருடத்துக்கு முன்பே அந்த நடுவருக்குத் தெரிந்திருந்தது, தன் வேலை வெறும் கட்டை நகர்த்துவது இல்லை என்று.

மூன்று முகத்துவாரம், ஒரு சொல்

அந்த நாற்காலி மனிதரின் இடத்தில் மென்பொருளை உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஒரு கற்பனை உத்தரவை எடுத்துக்கொள்கிறேன். இடம் நம்ம கடலூர்.

“விடிவதற்குள் முகத்துவாரத்தைக் கட்டுப்பாட்டில் கொண்டு வரவும். மீனவர்கள் தொழிலுக்குப் போவது பாதிக்கப்படக் கூடாது.”

ஒரு அதிகாரி இதைப் படித்ததும் மளமளவென்று வேலையைத் தொடங்கிவிடுவார். மென்பொருள் முதல் சொல்லிலேயே நின்றுவிடும். எந்த முகத்துவாரம்? தாழங்குடாவில் பெண்ணையாறு கடலில் சேர்கிறது. தேவனாம்பட்டினத்தை ஒட்டிக் கெடிலம். பழைய துறைமுகத்தில் உப்பனாறும் பரவனாறும். மூன்றுமே முகத்துவாரம்தான். உத்தரவு எழுதியவருக்கு, காலையில் நடந்த கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசினோம் என்பது தெரியும். அந்தக் கூட்டத்தில் சிமுலேஷன் இல்லையே.

சரி, துறைமுகம் என்றே வைத்துக்கொள்வோம். சிமுலேஷனின் நில வரைபடத்தில் ஆற்றின் வாய் ஒரு நிலையான கோடாக வரையப்பட்டிருக்கும். நம் கரையில் வெயில் காலத்தில் மணல் தள்ளி வாய் தூர்ந்துபோகும், ஐப்பசி கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து அதை உடைத்துக்கொண்டு போகும். எந்த மாதத்து முகத்துவாரத்தை வரைபடம் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து, அதே உத்தரவு படகில் போக வேண்டியதாகவும் இருக்கலாம், நடந்தே கடக்கக் கூடியதாகவும் இருக்கலாம்.

அடுத்தது ‘கட்டுப்பாட்டில் கொண்டு வரவும்’. இதற்குச் சிமுலேஷனில் பொத்தான் கிடையாது. அங்கே இருப்பது ‘இந்தப் புள்ளிக்குப் போ’, ‘இங்கே நில்’, ‘இந்தத் திசையில் பார்’, ‘சுடு’, ‘சுடாதே’. கட்டுப்பாடு என்பது இவற்றை எந்த வரிசையில், எத்தனை ஆட்களை வைத்து, எந்தக் கரையில் செய்வது என்கிற தீர்மானம். பயிற்சி பெற்ற ஒரு லெப்டினன்ட் அதைத் தானே போட்டுக்கொள்வார். உத்தரவு கொடுத்தவர் அதையெல்லாம் எழுத மாட்டார். எழுதவும் கூடாது, கீழே இருப்பவருக்கு அந்தச் சுதந்திரத்தை விட வேண்டும் என்பதுதான் நல்ல படைகளின் மரபு.

இரண்டாவது வாக்கியம் இன்னும் கஷ்டம். மீனவர்கள் தொழிலுக்குப் போவது பாதிக்கப்படக் கூடாது என்றால், அதிகாலை மூன்று நான்கு மணிக்கு ஃபைபர் படகுகள் கிளம்பும் வழியை மறிக்கக் கூடாது. அந்த நேரத்தில் வருகிற படகையெல்லாம் எதிரியாக எண்ணவும் கூடாது. இது ஒரு வேலை இல்லை. எல்லா வேலைக்கும் மேலே நிற்கிற ஒரு நிபந்தனை. படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் ஒதுக்கிவிடலாம். கட்டத்தில் எழுதியிருப்பதை யாராவது மனதில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க நடந்துகொள்ள வேண்டுமே. அந்த ‘யாராவது’தான் ஏஜென்ட்.

ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு வேலை

வகுப்பில் இந்த இடம் வரும்போது நான் ஆனந்தரங்கப் பிள்ளையைத்தான் கூப்பிடுவேன். பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம், அவர் பெயரிலேயே இருக்கிற வீதியில், அவர் வாழ்ந்த வீடு இன்னும் நிற்கிறது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் 1747 முதல் தலைமைத் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் இரண்டு மொழி அறிந்தவர். ஆனால் மொழிபெயர்ப்பது அவர் வேலையில் ஒரு பங்குதான். எந்த வியாபாரியிடம் எப்போது பேசினால் காரியம் நடக்கும், கவர்னர் கோபத்தில் சொன்னதை நவாபின் ஆட்களிடம் எந்த வார்த்தையில் கொண்டு சேர்ப்பது, வந்த சேதியில் எதை உடனே கவர்னரிடம் சொல்ல வேண்டும், எது காலையில் சொன்னால் போதும், இதெல்லாம் அவர் தலையில் இருந்தது. இரண்டு பக்கத்து நிலவரத்தையும் அவர் தன் மனதில் எப்போதும் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்.

சாதாரண இணைப்பு நிரலுக்கும் ஏஜென்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இணைப்பு நிரல் ஒரு அகராதி. இந்தப் பக்கத்து ‘அ’ வந்தால் அந்தப் பக்கத்து ‘ஆ’ போடும். ஏஜென்ட் பற்றி வுல்ட்ரிட்ஜ், ஜென்னிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1995-இல் எழுதிய விளக்கத்தைத்தான் இன்றும் பாடமாக வைக்கிறோம்: யாரும் ஒவ்வொரு அடியாகச் சொல்லாமலே இயங்கும், சூழல் மாறினால் கவனித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும், கேட்கும்வரை காத்திருக்காமல் குறிக்கோளுக்காக முன்கை எடுக்கும், மற்ற ஏஜென்டுகளோடும் மனிதர்களோடும் பேசும். பல ஏஜென்டுகள் மனித மனத்தின் மாதிரியில் கட்டப்படுகின்றன. தனக்கு என்ன தெரியும் என்ற நம்பிக்கைகள், என்ன வேண்டும் என்ற விருப்பங்கள், எதைச் செய்யத் துணிந்தோம் என்ற முடிவுகள், இப்படி மூன்று பைகள். நம்பிக்கை மாறினால் முடிவை மறுபரிசீலனை செய்யும்.

முகத்துவாரத்துக்குப் போகிற வழியில் பாலம் உடைந்திருந்தால், இணைப்பு நிரல் வண்டிகளைப் பாலத்தின் முனையில் வரிசையாக நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். ஏஜென்ட் சுற்றுவழி தேடும். விடிவதற்குள் போய்ச் சேர முடியாது என்று கணக்கு வந்தால், தலைமையகத்துக்கு அதை முன்கூட்டியே சொல்லும்.

ஏஜென்டுகள் தங்களுக்குள் பேசுகிற மொழியிலும் ஒரு அழகு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் வந்த கே.க்யூ.எம்.எல்., அப்புறம் 1996-இல் தொடங்கிய ஃபிபா என்ற ஏஜென்ட் தரநிலை அமைப்பின் தொடர்பு மொழி, இரண்டுமே ஒவ்வொரு செய்தியையும் ஒரு செயலாகப் பார்க்கின்றன. இது தகவலா, வேண்டுகோளா, சம்மதமா, மறுப்பா, செய்ய முயன்று தோற்ற அறிவிப்பா என்பது செய்தியின் தலையிலேயே இருக்கும். ராணுவச் செய்திகளும் அப்படித்தானே. உத்தரவு, பெற்றுக்கொண்டேன், செய்கிறேன், முடியவில்லை. கட்டளை அமைப்புகளுக்கு ஏஜென்டுகள் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியதற்கு இந்த ஒற்றுமை பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

திரும்பி வரும் வழி

உத்தரவு போவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால், திரும்பி வரும் வழிதான் அதிகத் தலைவலி.

சிமுலேஷனுக்கு எல்லாம் தெரியும். களத்தில் இருக்கிற ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது, எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்பது வரை. டி.ஐ.எஸ். என்ற பழைய இணைப்பு முறையில், அசையாமல் நிற்கிற டாங்கிகூட சில நொடிகளுக்கு ஒருமுறை ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று வலையில் எல்லாருக்கும் கூவிக்கொண்டிருக்கும். வழக்கமான இடைவெளி 5 நொடி. 1980-களில் அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான தார்ப்பா டாங்கி சிமுலேட்டர்களை வலையில் கோத்த சிம்நெட் திட்டத்திலிருந்து வந்த வழக்கம் அது. இரண்டு சிமுலேட்டர்கள் ஒன்றையொன்று பார்க்க இது அருமையான ஏற்பாடு.

இந்தக் கூவலை அப்படியே கட்டளை அமைப்பின் வரைபடத்தில் கொட்டினால்? எதிரியின் ஒவ்வொரு வண்டியும் அதிகாரியின் திரையில் பளிச்சென்று தெரியும். போரின் முதல் கஷ்டமே எதிரி எங்கே என்று தெரியாததுதான். அதை எடுத்துவிட்டுக் கொடுக்கிற பயிற்சி, பார்த்து எழுதுகிற பரீட்சை. அதனால் நடுவில் இருக்கும் ஏஜென்ட் ஒரு வேவுக்காரனின் கண்ணோடு பார்க்க வேண்டும். மேட்டுக்குப் பின்னால் இருப்பது தெரியக் கூடாது. இரவானால் எண்ணிக்கை மங்க வேண்டும். ‘டி-72 டாங்கி நான்கு’ என்று சிமுலேஷனுக்குத் தெரிந்தாலும், தலைமையகத்துக்குப் போக வேண்டியது ‘கனரக வண்டிகள், மூன்றோ நான்கோ, சாலையை ஒட்டி மேற்கே போகின்றன’ என்பதுதான். சிமுலேஷனுக்குத் தெரிந்த உண்மையை, ஒரு மனிதன் அறியக்கூடிய அளவுக்குக் குறைத்துச் சொல்வதுதான் இங்கே நேர்மை.

அளவுப் பிரச்சினையும் உண்டு. சிமுலேஷன் தனித்தனி வீரனைக் கணக்கில் வைத்திருக்கும். டிவிஷன் தலைமையகத்தின் வரைபடத்தில் ஒரு கம்பெனிக்கு ஒரு சின்னம்தான். நூறு பேர் ஆற்றின் இரண்டு கரையிலும் பிரிந்து நின்றால் அந்த ஒற்றைச் சின்னத்தை எங்கே வைப்பது? சராசரி எடுத்தால் ஆற்றின் நடுவில் வந்து நிற்கும்! கமாண்டர் இருக்கிற இடத்தில் வைப்பதா, பெரும்பான்மையினர் இருக்கும் கரையில் வைப்பதா, இல்லை ‘பிரிந்திருக்கிறோம்’ என்று ஒரு செய்தியே அனுப்புவதா என்பதை ஏஜென்ட் முடிவுசெய்ய வேண்டும். நல்ல ஏஜென்ட் மூன்றாவதைச் செய்யும்.

வந்து சேராத சமாதானம்

நேரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1783 ஜனவரி 20-ஆம் தேதி வெர்சாய் நகரில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்துக்கான முதற்கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சரியாக ஐந்து மாதம் கழித்து, ஜூன் 20-ஆம் தேதி, கடலூருக்கு எதிரே கடலில் சுஃப்ரேன் தலைமையில் 15 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும், ஹியூஸ் தலைமையில் 18 ஆங்கிலேயக் கப்பல்களும் பீரங்கிச் சண்டை போட்டன. கரையில் ஆங்கிலேயப் படை ஊரை முற்றுகையிட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். ஐரோப்பாவில் முடிந்துபோன ஒரு போருக்காக. ஜூன் மாத இறுதியில் வெள்ளைக் கொடியோடு ஒரு கப்பல் செய்தி கொண்டுவந்த பிறகுதான் இங்கே துப்பாக்கிகள் ஓய்ந்தன.

அந்தச் சண்டையில் சுஃப்ரேன் தன் பெரிய கப்பலில் இல்லை. கிளியோபாத்ரா என்ற சிறிய, வேகமான கப்பலில் தள்ளி நின்று சைகை காட்டினார். முந்தின வருடம் கரீபியன் கடலில் த கிராஸ் என்ற பிரெஞ்சு அட்மிரல் தன் கப்பலோடு பிடிபட்ட பிறகு, தளபதி வரிசைக்கு வெளியே நின்றே நடத்த வேண்டும் என்று மன்னரின் ஆணை வந்திருந்தது. கட்டளை இடுகிறவர் எங்கே நின்றால் எல்லாவற்றையும் பார்க்கலாம், அவர் சொல்வது எல்லாருக்கும் போய்ச் சேரும் என்பது அன்றைக்கே கவலையாக இருந்திருக்கிறது.

கணினிகளுக்குள்ளும் இதே கதைதான், மாதங்களுக்குப் பதில் நொடிகள். கட்டளை அமைப்பு சுவர்க் கடிகாரத்தில் ஓடுகிறது. சிமுலேஷனுக்குச் சொந்தக் கடிகாரம். திட்டத்தைச் சோதித்துப் பார்க்க ஆறு மணி நேரச் சண்டையை ஆறு நிமிடத்தில் ஓட்டுவார்கள். சில நேரம் கணக்கு கனத்து, மெதுவாகவும் போகும். பல சிமுலேஷன்களைச் சேர்த்து ஓட்டும் எச்.எல்.ஏ. என்ற கட்டமைப்பை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1990-களின் நடுவில் உருவாக்கியது. 2000-இல் அது ஐ.ட்ரிபிள்.இ. 1516 என்ற தரநிலை ஆனது. அதில் ஒவ்வொரு உறுப்பும் அடுத்த நேரத்துக்கு நகர நடுவிலுள்ள மென்பொருளிடம் அனுமதி கேட்கும். இன்னும் வந்து சேராத பழைய செய்தி எதுவும் இல்லை என்று தெரிந்தால்தான் அனுமதி கிடைக்கும். கட்டளை அமைப்போ யாரிடமும் அனுமதி கேட்டுப் பழகியதில்லை. ஏஜென்ட் இரண்டு கடிகாரத்தையும் கையில் கட்டிக்கொண்டு, இந்த உத்தரவு சிமுலேஷனின் எந்த மணிக்கு உரியது, இந்த அறிக்கை இப்போது போனால் அதிகாரி தேவைக்கு முன்பே தெரிந்துகொள்வாரா என்று பார்த்துப் பார்த்து விட வேண்டும். பழைய பிரஷ்ய நடுவர் குதிரை வீரனின் வேகத்தைக் கணக்குப் போட்டாரே, அதே வேலை.

722 பறப்புகள்

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருக்கிறதா என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. 1997 அக்டோபரில் அமெரிக்காவில் ‘ஸ்டோ 97’ என்ற பெரிய பயிற்சி நடந்தது. அதில் அமெரிக்கத் தரப்பின் நிலையான இறக்கை விமானங்களை (ஹெலிகாப்டர்கள் நீங்கலாக) ஓட்டியவர்கள் மனிதர்கள் இல்லை. டேக்ஏர்-சோர் என்ற ஏஜென்டுகள். 48 மணி நேரத்தில் 722 பறப்புகள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஏஜென்ட் விமானி. அதன் அறிவு 5,000-க்கும் மேற்பட்ட விதிகளாக எழுதப்பட்டிருந்தது.

நம் கேள்விக்கு முக்கியமானது, அந்த விமானிகளுக்கு வேலை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது. நிஜ விமானப்படையில், அடுத்த நாளின் பறப்புகளையெல்லாம் பட்டியலிட்டு ஒரு பணி ஆணை வெளியாகும். அதே வடிவத்தில் வந்த ஆணையை ஒரு மென்பொருள் படித்து, ஆணையில் எழுதாத விவரங்களை நிரப்பி, ஒவ்வொரு ஏஜென்டுக்கும் அதன் பங்கைப் பிரித்துக் கொடுத்தது. நிஜத்தில் விமானத் தளத்தில் இருக்கும் அதிகாரிகள் செய்கிற வேலை அது. விமான ஆணை ஏற்கெனவே கட்டம் கட்டமாக, கறாரான வடிவத்தில் எழுதப்படுவது இதற்குப் பெரிய உதவி. தரைப்படை உத்தரவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது பெரும்பாலும் பத்தி பத்தியான உரைநடை. வானத்தில் முகத்துவாரம் கிடையாது.

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன்

உரைநடையைக் கணினிக்குப் புரிகிற மொழியாக்கும் முயற்சிதான் போர் மேலாண்மை மொழி என்கிற பி.எம்.எல். ஒவ்வொரு பணியையும் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்ற ஐந்து கேள்விக்குப் பதிலாகப் பிரித்து எழுதுவது இதன் அடிப்படை. நேட்டோ நாடுகளின் ஆய்வுக் குழுக்களும், சைசோ என்ற சிமுலேஷன் தரநிலை அமைப்பும் இதில் பல வருடம் உழைத்தன. கூட்டுப்படைகளுக்கான வடிவம் 2014-இல் தரநிலை ஆனது. ஆரம்பக் களநிலையை விவரிக்கும் இன்னொரு மொழி 2008-இலேயே வந்திருந்தது. இரண்டின் வேலையையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்து 2020-இல் சி2சிம் என்ற தரநிலை வெளியானது. பழையவை படிவங்களாக இருந்த இடத்தில், சி2சிம் சொற்களுக்கிடையிலான உறவுகளையே ஒரு அறிவு வரைபடமாக வைத்திருக்கிறது. மையத்தில் எல்லாருக்கும் பொதுவான கருத்துகள். அதன்மேல் ராணுவத்துக்கான விரிவு. அதற்கும் மேல் தரைப்படைக்கான விரிவு.

தரநிலை வந்துவிட்டால் ஏஜென்ட் எதற்கு என்று கேட்பார்கள். தரநிலை சொல்லின் பொருளை நிலைநிறுத்தும். ‘ஏன்’ என்ற கட்டத்தில் எழுதியிருப்பதை வைத்து, திட்டம் உடைந்தபோது வேறு வழி தேடுவது தரநிலையால் ஆகாது. ஐந்து கேள்விகளில் ‘ஏன்’ மட்டும், நகர்கிற படையோடு கடைசிவரை கூடவே போக வேண்டியது.

இந்தியாவிலும் வேலை நடக்கிறது. டி.ஆர்.டி.ஓ.வின் தில்லி ஆய்வகம் ஒன்று நெடுங்காலமாகப் போர்ப்பயிற்சி மென்பொருள்கள் செய்திருக்கிறது. 2022 மே மாதம் ராணுவப் பயிற்சிக் கட்டளையகம், புதிய போர்ப்பயிற்சி மையத்துக்காக ராஷ்ட்ரீய ரக்ஷா பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டது. இங்கே எனக்கு ஒரு கவலை உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக மட்டும் இல்லை, பெரிய வியாபாரியும்கூட. அவருக்கென்று சொந்த நலன்கள் இருந்தன. ஏஜென்டுக்கு வியாபாரம் இல்லை. ஆனால் அதை எழுதியவரின் போர்முறை அதற்குள் இருக்கிறது. ‘கட்டுப்பாட்டில் கொண்டு வா’ என்றால் என்ன செய்வது என்பதை வேறொரு நாட்டின் கையேட்டிலிருந்து எடுத்து எழுதிய ஏஜென்டோடு நம் அதிகாரிகள் வருடக்கணக்கில் பழகினால், அவர்களுக்கே தெரியாமல் அந்த நாட்டின் போர்முறையைக் கற்றுக்கொள்வார்கள். விலைக்கு வாங்குகிற சிமுலேஷனில் டாங்கியின் வேகத்தைச் சரிபார்க்கிறவர்கள், ஏஜென்டின் விதிகளையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. 1736 முதல் 1761 வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். யார் என்ன சொன்னார்கள், தான் எப்படிச் சொன்னேன், கவர்னர் என்ன பதில் சொன்னார் எல்லாம் தேதி, கிழமையோடு. ஏஜென்டுக்கும் அப்படி ஒரு குறிப்பேடு கட்டாயம் வேண்டும். பயிற்சி முடிந்து உட்கார்ந்து பேசும்போது, ‘கம்பெனி ஏன் தவறான கரையில் நின்றது’ என்ற கேள்வி வரும். உத்தரவு தப்பா, உத்தரவைப் புரிந்துகொண்டது தப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், மென்பொருள் செய்த பிழைக்கு ஒரு இளம் அதிகாரி பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பொய்ப் படகு

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற பகுதி. நிஜக் கட்டளை அமைப்போடு சிமுலேஷனை இணைக்கிறோம் என்றால், நிஜச் செய்தி ஓடுகிற அதே குழாயில் பொய்ச் செய்தியை விடுகிறோம்.

1979 நவம்பர் 9 அதிகாலை, அமெரிக்காவின் வான் பாதுகாப்புக் கட்டளையகமான நோராடின் திரைகளில் சோவியத் ஏவுகணைகள் கூட்டமாக வருவதாகக் காட்டியது. போர் விமானங்கள் கிளம்பின. செயற்கைக்கோள், ரேடார் என்று மற்ற ஆதாரங்களைச் சரிபார்த்தபோது வானத்தில் ஒன்றுமில்லை. பயிற்சிக்கான காட்சித் தரவு நேரடி எச்சரிக்கை அமைப்புக்குள் ஏறிவிட்டிருந்தது. அதன்பிறகு இப்படிப்பட்ட சோதனைகளுக்குத் தனி இடமே கட்டினார்கள்.

2018 ஜனவரி 13 அன்று ஹவாய் தீவு மக்களின் போன்களில் ஏவுகணை எச்சரிக்கை வந்தது. பொய் என்று போனுக்குத் திருத்தம் வர 38 நிமிடம் ஆனது. அன்று நடந்ததும் ஒத்திகைதான். ஊழியர்களுக்குப் போட்டுக் காட்டிய ஒலிப்பதிவில் ‘ஒத்திகை, ஒத்திகை, ஒத்திகை’ என்றும் இருந்தது, ‘இது ஒத்திகை அல்ல’ என்றும் இருந்தது. ஒருவர் இரண்டாவதை நம்பினார்.

2023-இல் நம் போன்களும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகமிருக்கும். பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை அது. சோதனை என்று செய்தியிலேயே எழுதியிருந்தார்கள். அப்படியும் தெருவில் பலர் போனைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார்கள். உலகம் முழுக்கப் பயன்படுகிற எச்சரிக்கைச் செய்தி வடிவமான ‘கேப்’பில், இது நிஜமா, ஒத்திகையா, சோதனையா என்று சொல்வதற்கென்றே கட்டாயமான ஒரு கட்டம் இருக்கிறது. சுனாமியைப் பார்த்த, தானே புயலைப் பார்த்த, 2024 டிசம்பர் 1 அன்று புதுச்சேரித் தெருக்களில் ராணுவம் இறங்கி ஆட்களை மீட்டதைப் பார்த்த நமக்கு, அந்த ஒரு கட்டத்தின் அருமை சொல்லாமலே தெரியும்.

கடலோரக் காவல்படையின் மாவட்டத் தலைமையகம் புதுச்சேரியில் இருக்கிறது. நாளைக்கு ஒரு சாகர் கவாச்சில், நிஜப் படகுகளோடு பத்துக் கணினிப் படகுகளையும் திரையில் விட்டுப் பயிற்சி கொடுக்கலாம் என்று யாராவது யோசித்தால் அது நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று ‘பாவனை’ என்ற முத்திரை உதிர்ந்து ரோந்துக் கப்பலின் திரைக்குப் போய்விட்டால், இல்லாத படகைத் தேடி ஆயுதத்தோடு ஒரு கப்பல் கிளம்பும். அந்த இடத்தில் ஃபைபர் படகில் வலை விட்டுக்கொண்டிருப்பவர் நம் சோனங்குப்பத்துக்காரராக இருப்பார்.

எனவே நடுவில் இருக்கும் ஏஜென்ட் வாயில்காவலும் பார்க்க வேண்டும். முத்திரை இல்லாத எதையும் நிஜப் பக்கம் விடக் கூடாது. முத்திரைகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் நிறுத்திவிட்டு மனிதரைக் கூப்பிட வேண்டும். நிஜ அவசரம் வந்துவிட்டால் பயிற்சியை அந்த நொடியே துண்டிக்க வேண்டும். இந்த அதிகாரத்தை மட்டும் விதிகளால் கறாராகக் கட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்றைய பெரிய மொழி மாதிரிகள், உரைநடை உத்தரவைப் படித்து ஐந்து கேள்விக்கும் பதில் எடுப்பதில் கெட்டிக்காரத்தனமானவை. அந்த வேலையை அவற்றுக்குக் கொடுக்கலாம், எடுத்த பதிலை உத்தரவு எழுதியவரிடமே திருப்பிப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ரேடியோவில் உத்தரவைத் திருப்பிச் சொல்வது படைகளில் பழைய வழக்கம்தானே. வாயிற்கதவின் சாவியை அவற்றிடம் கொடுக்கக் கூடாது. தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்கிற பழக்கம் அவற்றுக்கு இருக்கிறது.

ஃபிபா மொழியில் தகவல், வேண்டுகோள், மறுப்பு இவற்றோடு இன்னொரு செய்தி வகையும் உண்டு: ‘புரியவில்லை’. எந்த ஏஜென்டும் எந்த நேரத்திலும் அதை அனுப்பலாம், ஏன் புரியவில்லை என்ற காரணத்தோடு. மாணவர்கள் செய்துகொண்டு வருகிற ஏஜென்டுகளுக்கு நான் முதலில் அந்த முகத்துவார உத்தரவைத்தான் கொடுப்பேன். பெரும்பாலானவை வரைபடத்தில் முதலில் கிடைத்த ஆற்றுக்கு, அனேகமாகப் பெண்ணையாற்றுக்கு, வண்டிகளைக் கிளப்பிவிடும். போன பருவத்தில் ஒன்றே ஒன்று நின்று, ‘புரியவில்லை: முகத்துவாரம் மூன்று உள்ளன. எது?’ என்று கேட்டது. அதைச் செய்துகொண்டு வந்த இரண்டு மாணவர்களுக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.